இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபை கார்டு: அப்கிரேடுக்குப் பிறகு உறையும் லேப்டாப்புக்கு வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்டெல் ஏஎக்ஸ்210 அருமையான கார்டு. இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றியதிலிருந்து என் லேப்டாப்பில் வைஃபை உறைந்து உறைந்து நின்ற தொல்லை, இதைப் போட்ட பிறகு அடியோடு போய்விட்டது. ஆனால் இதே தொல்லையோடு இதைப் படிப்பவர்களில் பலருக்கு இந்தக் கார்டு தேவையே படாது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அப்கிரேடுக்குப் பிறகு வரும் வைஃபை கோளாறுகளில் பலவும் ஒரு செட்டிங்கை மாற்றினாலோ கார்டுக்குள் ஓடும் சின்ன மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தாலோ சரியாகிவிடக்கூடியவை. அதனால் கார்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், அதை வாங்க வேண்டிய கட்டத்துக்கு உண்மையிலேயே வந்துவிட்டீர்களா என்று தெரிந்துகொள்ளும் வழியைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதிதான் நீளம், அதுதான் முக்கியமும்கூட.

என் லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். பழைய பதிப்பில் வைஃபை பற்றி நினைத்துப் பார்க்கவே தேவை வந்ததில்லை. புதிய பதிப்புக்கு மாறியதும் ஆரம்பித்தது. ஐகானில் முழு சிக்னல் இருக்கும், இணைப்பு இருப்பதாகவே காட்டும், ஆனால் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வீடியோ காலில் எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பார், கொஞ்ச நேரம் கழித்துத் தேங்கியதெல்லாம் மொத்தமாக வந்து கொட்டும். சில சமயம் வைஃபையை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் உயிர் வரும். நாளாக ஆக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. லேப்டாப்பே முழுசாக நின்றுவிடும், மவுஸ் அம்புக்குறி அசையாது, பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அதே ரூட்டர், அதே மேசை, அதே கார்டு. அப்கிரேடுக்கு முந்தைய நாள் வரை ஒழுங்காக ஓடியது.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் முதலில் ரூட்டரைத்தான் சந்தேகப்படுவார்கள், அடுத்து இணையச் சேவை கொடுப்பவரை. நியாயம்தான், ஆனால் அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை அதே வைஃபையில் இணைத்து, யூஎஸ்பி கேபிள் வழியாக லேப்டாப்புக்கு டெதரிங் கொடுங்கள். இப்போது லேப்டாப்பின் இணையம் போனின் வைஃபை வழியாகத்தான் வருகிறது. ரூட்டர் அதே, லைன் அதே, மாறியது லேப்டாப்பின் வைஃபை கார்டு மட்டும்தான். இப்படி ஓட்டும்போது திணறல் இல்லை என்றால் ரூட்டரைக் குறை சொல்வதை அத்தோடு விட்டுவிடலாம்.

அடுத்து, உறைவது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். லேப்டாப் உறைகிறதா, வைஃபை மட்டும் உறைகிறதா, அல்லது வைஃபை சரியாக இருந்தும் பெயரைத் தேடித் தரும் டிஎன்எஸ் மட்டும் தூங்குகிறதா? மூன்றும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும், பக்கம் திறக்காது, அவ்வளவுதான் தெரியும். டெர்மினலைத் திறந்து, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பிங் கட்டளையை ரூட்டரின் முகவரிக்கு ஓடவிடுங்கள் (பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும்), பக்கத்தில் இன்னொரு டெர்மினலில் வெளியே இருக்கும் ஒரு எண் முகவரிக்கு, உதாரணமாக 8.8.8.8-க்கு, இன்னொரு பிங். இரண்டையும் ஓடவிட்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். உறையும் நேரத்தில் ரூட்டருக்குப் போகும் பிங்கே நின்றால் கோளாறு உங்கள் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பிங்கும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கப் பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் அது அனேகமாக டிஎன்எஸ், அதற்குக் கார்டை மாற்றுவதில் எந்த அர்த்தமும் இல்லை. திரையே நின்றுவிட்டால் கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறவில்லை என்றால் அனேகமாக இயங்குதளத்தின் மையமான கெர்னலே நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ரூட்டருக்குப் போகும் பிங் உறைய வேண்டும் என்றுகூட இல்லை, அதில் வரும் எண்களே நிறையச் சொல்லிவிடும். பக்கத்து அறையில் இருக்கும் ரூட்டர் இரண்டு மூன்று மில்லிசெகண்டில் பதில் தர வேண்டும். என் திரையில் வந்தது 3, 4, 97, 201, 3, 305, 98 என்று ஒரு வரிசை. இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், நூறு நூறாகத் தாவுகின்றன. இதற்குக் காரணம் இருக்கிறது. ரூட்டர் தன் இருப்பை அறிவிக்கும் பீக்கன் சிக்னலைச் சாதாரணமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை அனுப்புகிறது. வைஃபை கார்டு மின்சாரம் மிச்சப்படுத்தும் பவர் சேவ் நிலையில் இருந்தால், வேலை இல்லாத நேரத்தில் ரேடியோவை அணைத்துவிட்டு, பீக்கன் வரும் நேரத்தில் மட்டும் விழித்து, எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கும். அதுவரை உங்களுக்கான பாக்கெட்டுகளை ரூட்டர் பிடித்து வைத்திருக்கும். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் நல்லதாக இருந்தால் இது கண்ணுக்கே தெரியாது, தேவை வந்தவுடன் முழு வேகத்துக்கு வந்துவிடும். டிரைவரோ ஃபர்ம்வேரோ இந்தத் தூங்கி விழிக்கிற வேலையில் சொதப்பினால்தான் திணறல், தாமதம், கடைசியில் உறைதல்.

ஆகவே முதலில் கை வைக்க வேண்டியது பவர் சேவில்தான். லினக்ஸில் ஐடபிள்யூ என்ற சின்னக் கருவியிடம் கேட்டால் பவர் சேவ் ஆனா ஆஃபா என்று ஒரே வரியில் சொல்லிவிடும், அதிலேயே தற்காலிகமாக ஆஃப் செய்தும் பார்க்கலாம், ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும் என்பதால் பயமில்லை. ஆஃப் செய்தவுடன் பிங் எண்கள் 2, 3, 2, 4 என்று படிந்துவிட்டால் உங்கள் வேலை கிட்டத்தட்ட முடிந்தது. நிரந்தரமாக்க, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் செட்டிங்ஸ் ஃபோல்டரில் வைஃபை பவர்சேவ் என்ற வரியில் 2 என்று போட வேண்டும். 2 என்றால் அணை, 3 என்றால் ஆன் செய். உபுண்டுவில் இதற்கென்றே ஒரு ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது, அதில் 3 என்று இருக்கும், அதை மாற்றிவிட்டு நெட்வொர்க் மேனேஜரை ரீஸ்டார்ட் செய்தால் போதும். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். ஒழுங்காக வேலை செய்யும் வைஃபைக்காக அதைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான், இடம்தான் வேறு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் நிறையப் பேர் 11-க்கு மாறியிருக்கிறார்கள், அதனால் இது அவர்களுக்கும் உதவும். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள் (சில புது லேப்டாப்களில் அந்த டேபே இருக்காது). அதே இடத்தில் டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பும் ரோல் பேக் பட்டனும் உண்டு. அப்புறம், விண்டோஸுக்குள்ளேயே வயர்லெஸ் ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. கடந்த மூன்று நாட்களில் எப்போது இணைப்பு அறுந்தது, என்ன காரணம் என்று வரைபடத்தோடு ஒரு பக்கமாகப் போட்டுக் கொடுக்கும், இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. எதுவும் சரிவரவில்லை என்றால் அப்கிரேட் செய்த 10 நாட்களுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பலாம். அந்த 10 நாள் கடந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும் என்பதால் தொல்லையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.

லினக்ஸில் பவர் சேவை அணைத்தும் சரியாகவில்லை என்றால் அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் எதையும் மாற்றாமல் மிகத் தெளிவான பதிலைத் தருகிறது. அப்கிரேட் செய்த பிறகும் பழைய கெர்னல் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே இருக்கும். பூட் ஆகும்போது வரும் மெனுவில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வாருங்கள். வைஃபை டிரைவர் கெர்னலோடுதான் வருகிறது, அதனால் பழைய கெர்னலில் பழைய டிரைவர் ஓடும். ஃபர்ம்வேரும் நெட்வொர்க் மேனேஜரும் மட்டும் புதியவை. இந்தக் கலவையில் வைஃபை ஒழுங்காக ஓடினால் கோளாறு புதிய டிரைவரில். அப்போதும் உறைந்தால் ஃபர்ம்வேரையோ மேலே உள்ள மென்பொருளையோ பார்க்க வேண்டும். அதற்கும் மேலே ஒரு படி போக வேண்டுமென்றால் பழைய பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். முழுக்க முழுக்கப் பழைய மென்பொருளிலும் உறைகிறது என்றால் அப்கிரேடுக்கு இதில் சம்பந்தமே இல்லை, கார்டோ ஆன்டெனா ஒயரோ போய்விட்டது, அப்கிரேட் செய்த அதே சமயத்தில் நடந்ததால் அதன் மேல் பழி விழுகிறது.

நடப்பதையெல்லாம் கெர்னல் எழுதிவைக்கும் லாகைப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். அதில் ஓடுகிற எழுத்துகளைப் பார்த்தாலே சிலருக்கு அலுப்பு வந்துவிடும், ஆனால் நாம் தேட வேண்டியது கொஞ்சம்தான். உறைந்த நிமிடத்தை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள், கெர்னல் லாகில் அதே நேரத்துக்குப் போங்கள், வைஃபை டிரைவரின் பெயர் வரும் வரிகளை மட்டும் படியுங்கள். ஃபர்ம்வேர் பதில் தரவில்லை, ஃபர்ம்வேர் கிராஷ் ஆனது, கார்டை ரீஸ்டார்ட் செய்கிறேன் என்ற பொருளில் வரிகள் வந்தால் கார்டுக்குள் ஓடும் சின்ன மென்பொருள்தான் விழுந்திருக்கிறது. அதற்கு முதல் மருந்து ஃபர்ம்வேர் பேக்கேஜைப் புதுப்பிப்பது. கெர்னல் புதிதாகவும் ஃபர்ம்வேர் பழையதாகவும் மாட்டிக்கொண்டால் டிரைவர் தான் கேட்கும் பதிப்பைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல் ஒரு பழைய பதிப்பில் போய் நிற்கும். இதையும் லாகே சொல்லும், எந்த ஃபைலைத் தேடினேன், எது கிடைக்கவில்லை என்று வரி வரியாக எழுதியிருக்கும். லேப்டாப்பே உறைந்து பவர் பட்டனால் அணைத்திருந்தால், லினக்ஸின் லாக் தொகுப்பான ஜர்னலில் முந்தைய பூட்டின் லாகைக் கேட்டு வாங்கி அதன் கடைசி வரிகளைப் படியுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இணையத்தில் தேடினால் வைஃபை உறைகிறதா, இந்த வரியைப் போடு என்று கொடுத்திருப்பார்கள், அதில் அதிகம் சுற்றுவது 802.11என் என்ற வேகமான வைஃபை முறையை அணைக்கும் ஆப்ஷன். தயவுசெய்து அதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது இன்டெல் டிரைவருக்கான ஆப்ஷன், வேறு கம்பெனிக் கார்டு வைத்திருப்பவர்கள் போட்டால் எந்தப் பயனும் கிடையாது. இன்டெல் கார்டில் போட்டால் உறைதல் நிற்கக்கூடும், ஆனால் 802.11என்-னும் அதற்குப் பிறகு வந்த வேகங்களும் மொத்தமாகப் போய்விடும், கார்டு அதிகபட்சம் 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அதே ஆப்ஷனில் 1-க்குப் பதில் 8 என்று போடச் சொல்லும் இன்னொரு குறிப்பும் சுற்றுகிறது, அது முற்றிலும் வேறு வேலை, அனுப்பும் பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்புவதை ஆன் செய்வது. இரண்டையும் ஒரே மருந்து போல மாற்றி மாற்றிப் போடச் சொல்வதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எந்த வரியைப் போட்டாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் போட்டுப் பாருங்கள், பயனில்லை என்றால் உடனே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையை அணைப்பது, இயங்குதளத்தையே திரும்ப இன்ஸ்டால் செய்வது, இதெல்லாம் இந்தக் கோளாறுக்கு வீண் வேலை. புதிதாக இன்ஸ்டால் செய்தாலும் அதே கெர்னல், அதே டிரைவர், அதே ஃபர்ம்வேர்தானே வரப்போகிறது.

ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாதது. யூஎஸ்பி 3 சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் எழுப்பும். இதைப் பற்றி இன்டெல்லே 2012-இல் ஒரு ஆவணம் வெளியிட்டது. ப்ளூடூத்தும் அதே 2.4-இல்தான் ஓடுகிறது. வெளி ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும்போதோ ப்ளூடூத் ஹெட்செட் போட்டிருக்கும்போதோ மட்டும் திணறுகிறது என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாறிப் பாருங்கள், வேறெதுவும் தேவைப்படாமல் போகலாம்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். பவர் சேவை அணைத்ததும் பிங் எண்கள் ஒழுங்காகின, திணறல் பெரும்பாலும் போனது. ஆனால் லேப்டாப் முழுசாக உறைவது நிற்கவில்லை. முந்தைய பூட்டின் லாகில் கடைசியாக இருந்தவை வைஃபை கார்டு உட்கார்ந்திருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையைப் பற்றிய பிழை வரிகள். பாதையில் போக்குவரத்து இல்லாதபோது அதையே தூங்கவைக்கும் ஏஎஸ்பிஎம் என்ற வசதி இருக்கிறது, சில கார்டுகளும் சில போர்டுகளும் அந்தத் தூக்கத்திலிருந்து எழும்போது சேர்ந்து ஒத்துழைப்பதில்லை, அப்போது டிரைவர் பதிலுக்குக் காத்திருந்து மொத்த அமைப்பையும் பிடித்து நிறுத்திவிடும். இதற்காகக் கெர்னல் பூட் வரியில் ஏஎஸ்பிஎம் ஆஃப் என்று போடச் சொல்வார்கள். அது ஏஎஸ்பிஎம்-ஐ அணைத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், ஆனால் உண்மையில் அது கெர்னலை இந்த விஷயத்தில் தலையிடாமல் இருக்கச் சொல்கிறது, லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் பயாஸ் ஏற்கெனவே ஆன் செய்து வைத்திருந்தால் அது ஆனிலேயே கிடக்கும். சில டிரைவர்களில் அந்தக் கார்டுக்கு மட்டும் ஏஎஸ்பிஎம்-ஐ அணைக்கும் தனி ஆப்ஷன் உண்டு, அதுதான் சரியான வழி, என் பழைய கார்டின் டிரைவரிலும் அது இருந்தது. போட்டதும் முழு உறைதல் நின்றது. நிம்மதியாக இருந்தது. ஆனால் லேப்டாப்பை மூடித் தூங்கவைத்து மறுபடி திறந்தால் சில நேரம் கார்டே காணாமல் போய்விடும், பிசிஐ பட்டியலில்கூட அதன் பெயர் இருக்காது, ரீபூட் செய்தால்தான் திரும்பி வரும். இதற்கு மேல் செட்டிங்கில் செய்ய ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான் கார்டை மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

ஏஎக்ஸ்210-ஐத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் வேகம் இல்லை, அதன் டிரைவர் இருக்கும் இடம். அது லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, 5.10 பதிப்பிலிருந்து. தனியாக எதையும் டவுன்லோட் செய்து கம்பைல் செய்ய வேண்டியதில்லை. அப்கிரேடுக்குப் பிறகு வைஃபை போகிற கதைகளில் ஒரு பெரிய பகுதி இந்தத் தனி டிரைவர் விவகாரம்தான். உதாரணமாகப் பழைய பிராட்காம் கார்டுகள் சிலவற்றுக்குத் தனி மூடிய டிரைவர் வேண்டும், கெர்னல் மாறும்போதெல்லாம் அதைத் திரும்பக் கட்ட வேண்டும், புதிய கெர்னலோடு அது பொருந்தாவிட்டால் கட்டுவதே தோற்றுப்போகும், கையெழுத்தில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால் கட்டிய டிரைவருக்குக் கையெழுத்தும் போட வேண்டும். இந்தச் சங்கிலியில் எது அறுந்தாலும் அப்கிரேட் முடிந்து லேப்டாப் எழுந்திருக்கும்போது வைஃபை இருக்காது. கெர்னலுக்குள் இருக்கும் டிரைவரில் பிழையே வராது என்று சொல்லவில்லை, வரும், ஆனால் அதைக் கவனிக்கவும் சரிசெய்யவும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், திருத்தம் சாதாரண அப்டேட்டில் தானாகவே வந்து சேரும்.

இரண்டாவது காரணம் பொருத்தம். இன்டெல் கார்டுகளில் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவை சிஎன்விஐ வகை, அவற்றின் வேலையில் ஒரு பங்கைப் பிராசசர் பக்கத்தில் இருக்கும் பகுதிதான் செய்யும், அதனால் அதற்கேற்ற இன்டெல் போர்டில் மட்டுமே ஓடும், ஏஎம்டி லேப்டாப்பில் செருகினால் பயன் இல்லை. ஏஎக்ஸ்210 தன்னளவில் முழுமையான பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, ஏஎம்டியிலும் ஓடும். 210, 211 என்று பார்க்க ஒரு எண் வித்தியாசம்தான், வாங்கும்போது அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

மாட்டுவது சுலபம், ஆனால் வாங்குவதற்கு முன்பே பின் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். மெலிதான லேப்டாப்கள் சிலவற்றில் வைஃபை போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்றவே முடியாது. பழைய லேப்டாப்கள் சிலவற்றில் கம்பெனி அனுமதித்த கார்டுகளைத் தவிர மற்றதை பயாஸ் ஏற்றுக்கொள்ளாது, பூட் ஆகும்போதே பிழை காட்டி நின்றுவிடும். உங்கள் மாடலின் பெயரோடு சேர்த்து ஒரு முறை தேடிப் பார்ப்பது நல்லது. ஸ்லாட் எம்.2 வகையாகவும், கார்டு 22-க்கு 30 மில்லிமீட்டர் அளவாகவும் இருக்க வேண்டும். அதற்கும் முந்தைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் என்றால் இது உட்காராது, அவற்றின் ஆன்டெனா முனையும் வேறு, பெரியது.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கார்டைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகு. கவனம் வேண்டியது இரண்டு ஆன்டெனா ஒயர்களில்தான். அவற்றின் முனை ஒரு கடுகை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஒயர் முனையின் அடியில் கொடுத்து நேராக மேலே நெம்ப வேண்டும். மாட்டும்போது முனையைக் கார்டின் குமிழுக்கு மேல் சரியாக வைத்து, விரல் நுனியால் சின்ன அசைவு கொடுத்து அது இடத்தில் உட்கார்ந்திருப்பதை உணர்ந்த பிறகே அழுத்த வேண்டும். சரியாக விழுந்தால் மெல்லிய கிளிக் கேட்கும். சாய்வாக அழுத்தினால் உள்ளே இருக்கும் ஊசி வளைந்துவிடும், அப்புறம் சிக்னல் பலவீனமாகி, இதையும் டிரைவர் கோளாறு என்று நினைத்து அலைய வேண்டியிருக்கும். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூட் செய்ததும் வைஃபை பட்டியல் தானாகவே வந்துவிட்டது, எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை. பழைய கார்டுக்காகப் போட்டிருந்த ஆப்ஷன்களையெல்லாம் எடுத்துவிட்டேன், பவர் சேவையும் வேண்டுமென்றே மறுபடி ஆன் செய்து பார்த்தேன். ரூட்டருக்குப் பிங் 2, 3, 2, 2, அவ்வப்போது ஒரு 9 அல்லது 14. நூறு நூறாகத் தாவுவது இல்லை. மூடித் திறந்தால் நான் பாஸ்வேர்டு அடித்து முடிப்பதற்குள் இணைந்துவிடுகிறது. நீண்ட வீடியோ கால், பெரிய ஃபைல் காப்பி, ப்ளூடூத் ஹெட்செட், மூன்றையும் ஒன்றாக ஓட்டியும் உறையவில்லை. அதற்குப் பிறகு வந்த கெர்னல் அப்டேட்டுகளையும் இந்தக் கார்டு சலனமில்லாமல் கடந்துவிட்டது, எனக்கு அதுதான் பெரிய திருப்தி.

பெட்டியில் போட்டிருக்கும் 2.4 கிகாபிட் வேகத்தை எல்லோரும் எதிர்பார்க்க முடியாது. அதற்கு ரூட்டரும் 160 மெகாஹெர்ட்ஸ் அகல சேனலைக் கொடுக்க வேண்டும், அப்போதும் அது காற்றில் ஓடும் கணக்கு வேகம், ஃபைல் காப்பி ஆகும் வேகம் அதைவிடக் குறைவுதான். 6 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்காக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் 10-இல் அது கிடைக்காது, 11 வேண்டும், அந்தப் பட்டையை உங்கள் நாடு வைஃபைக்குத் திறந்திருக்கவும் வேண்டும்.

இந்தக் கார்டின் உண்மையான குறை ஒன்று இருக்கிறது, அதை விற்கும் இடங்களில் எங்கேயும் எழுதுவதில்லை. லேப்டாப்பை ஹாட்ஸ்பாட் ஆக்கி மற்றச் சாதனங்களுக்கு வைஃபை கொடுப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. இன்டெல் கார்டுகள் தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைச் சுற்றியுள்ள சிக்னல்களிலிருந்து தாங்களே முடிவு செய்துகொள்ளும், அதை நாம் மாற்ற முடியாதபடி ஃபர்ம்வேருக்குள் பூட்டிவைத்திருக்கிறார்கள். அதன் விளைவாக லினக்ஸில் 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் போடப் பொதுவாக விடாது, 2.4-இல் மட்டும்தான் முடியும். அது உங்கள் அன்றாட வேலை என்றால் வேறு கார்டு பாருங்கள்.

கார்டை மாற்ற முடியாத லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு யூஎஸ்பி வைஃபை அடாப்டர்தான் வழி. அதிலும் இதே அளவுகோலை வைத்தே தேர்ந்தெடுங்கள், பெட்டியின் மேல் லினக்ஸ் என்று எழுதியிருப்பதை வைத்து மட்டும் நம்பாதீர்கள், பல சமயம் அதற்கு அர்த்தம் சிடியிலோ இணையத்திலோ ஒரு டிரைவர் கிடக்கிறது, நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான், அடுத்த அப்கிரேடில் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். உள்ளே இருக்கும் சிப் எது என்று பாருங்கள். மீடியாடெக் எம்டி7612யூ சிப்புக்கு 4.19 கெர்னலிலிருந்தும், வைஃபை 6 வரை போகும் எம்டி7921 வகையின் யூஎஸ்பி சிப்புக்கு 5.18-லிருந்தும் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. வாங்கினால் கூடவே ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் கேபிளும் எடுத்துக்கொள்ளுங்கள், அடாப்டர் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கின் பக்கத்திலேயே செருகியிருந்தால் 2.4-இல் இரைச்சல் வாங்கும், ஓரடி தள்ளி வைத்தால் போதும்.